ப்ரா நதியின் சேற்றுக்கு யார் பொறுப்பு?

கானா நாட்டின் குடிநீர் நிறுவனம் 2024 ஆகஸ்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. ப்ரா நதியில் நீரெடுத்துச் சுத்திகரித்து, கேப் கோஸ்ட், எல்மினா முதலிய கடலோர ஊர்களுக்கு அனுப்புவது செக்யெரே ஹேமாங் நிலையம். கலங்கல் 2,000 அலகு வரை இருந்தால் சமாளிக்கும்படி கட்டப்பட்ட நிலையம் அது. அந்த நாள்களில் அங்கு வந்து சேர்ந்த நீரின் கலங்கல் சராசரியாக 14,000 அலகு. நீர் எடுக்கும் இடத்தின் கொள்ளளவில் 60 சதவீதத்தை வண்டல் அடைத்துவிட்டது. ஊர்களுக்கு வேண்டிய நீரில் முக்கால் பங்கைத் தர இயலாது என்று நிறுவனமே கைவிரித்தது. நதி வற்றிவிடவில்லை. பால் கலந்த தேநீரின் நிறத்தில் கரை நிறைய ஓடிக்கொண்டிருந்தது. அதைக் குடிநீராக்கத்தான் வழியில்லை.

மழை கொண்டுவந்த கலங்கல் அல்ல அது. ப்ராவிலும், அதில் வந்து கலக்கும் ஓஃபின், பிரிம் ஆறுகளிலும், மேற்கே தனித்துக் கடல் சேரும் அன்கோப்ராவிலும் பொக்லைன் இயந்திரங்கள் படுகையையும் கரையையும் குடைந்துகொண்டிருக்கின்றன. அள்ளிய மண்ணைக் கழுவித் தங்கம் எடுத்துவிட்டு, சேற்றையும் பாதரசத்தையும் ஆற்றிலேயே விடுகிறார்கள். உரிமமில்லாத இந்தத் தொழிலைக் கானா மக்கள் கலாம்சே என்கிறார்கள். ஒரு நாட்டின் தென்பகுதி ஆறுகளை ஏறத்தாழ முழுவதுமாகக் கெடுத்துவிட்ட குற்றம் இது. யார் யார் இதில் குற்றவாளிகள், எவருக்கு எவ்வளவு பங்கு என்று பெயர் சொல்லித் தீர்ப்புக் கூற வேண்டும். அந்தப் பட்டியலின் கடைசியில் இந்தியாவும், நகைக்கடை வாசலில் நிற்கும் நாமும் இருக்கிறோம்.

கினி வளைகுடாக் கரையில் அமைந்த, மூன்று கோடிப் பேர் வாழும் நாடு கானா. வடக்கே வறண்ட புல்வெளி. ஆண்டுக்கு ஒரே மழைக்காலம். அங்கே பிழைக்க வழியில்லாத பெண்பிள்ளைகள் தெற்கே இறங்கிவந்து தலைநகர் அக்ராவின் சந்தைகளில் தலைச்சுமை தூக்குகிறார்கள். கிழக்கே, 1965இல் எழுந்த அகோசோம்போ அணைக்காகச் சுமார் 80,000 பேரை ஊரைவிட்டு எழுப்பி உருவாக்கிய வோல்டா ஏரி. தென்மேற்கே மழைக்காட்டு மண்டலம். நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித்தரும் செல்வங்களில் இரண்டு இந்த மண்டலத்தில்தான், ஒரே நிலத்தில் இருக்கின்றன. மேல்மண்ணில் கோக்கோ மரம், அதன் அடியில் தங்கம். கீழே இருப்பதை எடுக்க வேண்டுமானால் மேலே இருப்பதை வெட்டிச் சாய்க்க வேண்டும்.

தங்கத்துக்காக வந்தவர்கள்தான் அந்தக் கரையைத் தங்கக் கடற்கரை என்று அழைத்தார்கள். போர்த்துக்கீசியர் 1482இல் எல்மினாவில் கோட்டை கட்டியது பொன் வணிகத்துக்காக. பிறகு அதே கோட்டையின் நிலவறைகளில் மனிதர்களை அடைத்துவைத்து, கப்பலேற்றி விற்றார்கள். 1874இல் பிரிட்டிஷ் படை குமாசி நகரைக் கொளுத்தி, அசாந்தி மன்னரின் அரண்மனைப் பொன்னை அள்ளிச் சென்றது. அந்தக் காலப் போர்களில் பறிபோனவை உட்பட 32 அசாந்திப் பொருள்கள் 2024இல் லண்டனின் இரு பெரும் அருங்காட்சியகங்களிலிருந்து குமாசிக்கு வந்தன. அவற்றைத் திருப்பித் தரவில்லை. கெடு வைத்துக் கடனாகத் தந்தார்கள். கொள்ளையடித்த சொத்தை உரியவனுக்கே இரவல் கொடுப்பது அவமதிப்பு. அதைப் பெருந்தன்மை என்று லண்டன் சொல்லிக்கொள்வதை ஏற்க இயலாது.

ஒபுவாசியின் தங்கச் சுரங்கம் 1897இல் லண்டனில் பதிவான நிறுவனத்தின் கைக்குப் போனது. 1930களின் தொடக்கத்தில் காலனி அரசு ஒரு சட்டம் கொண்டுவந்து, உள்ளூர் மக்கள் பாதரசம் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. அவர்களுடைய உடல்நலத்தின் மீதுள்ள அக்கறையால் வந்த சட்டமல்ல. உள்ளூர்க்காரன் தானாகத் தங்கம் எடுத்துவிட்டால் சுரங்கத்துக்குக் கூலியாள் கிடைக்கமாட்டானே என்பதுதான் கவலை. பாட்டன் பூட்டன் காலம்தொட்டு ஆற்று மணலைக் கழுவிப் பொன் எடுத்தவர்கள் சொந்த மண்ணிலேயே திருடர்கள் ஆனார்கள். சிறு சுரங்கத் தொழிலுக்கு மறுபடி சட்டத்தின் அங்கீகாரம் கிடைக்க 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று குழியில் இறங்கும் இளைஞனிடம் சட்டம் பேசுகிறவர்கள் இந்த வரலாற்றை மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

ஆனால் இன்று நடப்பது அந்தப் பழைய தொழிலும் அல்ல. மரத்தட்டும் மண்வெட்டியும் இருந்த இடத்துக்குப் பொக்லைன் வந்துவிட்டது. ஆற்றின் நடுவே மிதவைகள் நின்று படுகையை உறிஞ்சுகின்றன. கழுவிய மண்ணில் பாதரசத்தைக் கலந்தால் அது தங்கத்துகளைப் பற்றிக்கொள்ளும். அந்தக் கட்டியை நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகப் பறந்து தங்கம் மிஞ்சும். ஆவியை முதலில் சுவாசிப்பவன் எரிப்பவன். அடுத்து அவன் வீட்டார். ஆற்றில் விழுந்த பாதரசம் மீனுக்குள் போய், மீனைத் தின்பவரின் உடலில் சேர்ந்து நரம்பைக் கெடுக்கும். கருவில் இருக்கும் குழந்தைக்கு அது இன்னும் பெரிய கேடு. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையைக் கானா 2017இலேயே உறுதிசெய்துவிட்டது. கையெழுத்துக்கும் ஆற்றங்கரைக்கும் இடையில் அரசாங்கம் காணாமல் போய்விட்டது. தோண்டிவிட்டு மூடாமல் போன குழிகளில் மழைநீர் தேங்கி, குழந்தைகளும் பெரியவர்களும் விழுந்து சாகிறார்கள்.

குழிக்குள் நிற்கும் இளைஞனுக்குத்தான் இந்தக் குற்றத்தில் மிகச் சிறிய பங்கு. அவன் நிரபராதி என்று நாம் சொல்லவில்லை. தன் ஊர் குடிக்கும் தண்ணீரைக் கெடுக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பொக்லைன் அவனுடையது அல்ல. டீசலுக்கு முதல் போட்டவன் அவன் அல்ல. எடுத்த தங்கத்தின் விலையைச் சொல்பவனும் அவன் அல்ல. 2022 டிசம்பரில் கானா தன் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. அந்த மாதம் பணவீக்கம் 54 சதவீதத்தைத் தொட்டது. பட்டம் பெற்றும் வேலையில்லாதவர்களும் குழிக்குப் போனார்கள். அவனை மட்டும் சுடுவதும் சிறையில் போடுவதும் நீதி ஆகாது.

கோக்கோ விவசாயி ஏன் நிலத்தைக் கைவிடுகிறார் என்பதைப் பார்க்காமல் இந்த வழக்கை முடிக்க இயலாது. டெட்டே க்வார்ஷி என்ற கொல்லர் 1879இல் ஃபெர்னாண்டோ போ தீவிலிருந்து கொண்டுவந்த விதைகளிலிருந்து வளர்ந்தது கானாவின் கோக்கோ என்பது அந்நாட்டுப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் செய்தி. 1911க்குள் உலகிலேயே மிகுதியாகக் கோக்கோ விளைவிக்கும் நாடானது அது. 1937இல் ஐரோப்பிய நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு விலையை அமுக்கியபோது, விவசாயிகள் மாதக்கணக்கில் கோக்கோவை விற்க மறுத்து நின்றார்கள். கூட்டாக நிற்கத் தெரிந்த மக்கள் அவர்கள். 1947இல் கோக்கோ வாரியம் வந்தது. வெள்ளைக்கார நிறுவனங்களின் பிடியிலிருந்து விவசாயியைக் காக்க வேண்டிய அந்த அமைப்பு, உலக விலைக்கும் விவசாயிக்குத் தரும் விலைக்கும் இடையிலுள்ள பணத்தைத் தானே வைத்துக்கொள்ளப் பழகிவிட்டது. காலனி அரசு போய் விடுதலைத் தலைவர் என்க்ருமா வந்தார், ராணுவ ஆட்சிகள் வந்தன, தேர்தல் வந்தது. அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

2024 மார்ச்சில் உலகச் சந்தையில் ஒரு டன் கோக்கோ 10,000 டாலரைத் தாண்டியது. அப்போது கானா விவசாயிக்கு நிர்ணயித்திருந்த விலை டன்னுக்கு 20,928 சேடி (கானாவின் நாணயம்). அறிவித்த நாளில் அது 1,800 டாலரைச் சற்றே தாண்டும். விளைச்சலை முன்கூட்டியே மலிவு விலைக்கு விற்றாயிற்று, வெளிநாட்டு வங்கிகளிடம் ஆண்டுதோறும் அதை ஈடுகாட்டிக் கடன் வாங்கியாயிற்று என்று வாரியம் காரணம் சொன்னது. ஏப்ரலில் விலையை 33,120 சேடியாக உயர்த்தினார்கள். எல்லை தாண்டி அண்டை நாட்டில் கூடுதலாகக் கிடைக்கும்போது மூட்டைகள் எல்லை தாண்டின. மரங்களை நோய் தாக்கிற்று, மழை பொய்த்தது. 2020-21இல் பத்து லட்சம் டன்னைத் தாண்டிய விளைச்சல், மூன்றே ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியானது. இந்த நிலையில் தங்கத்தரகன் வந்து கட்டுக்கட்டாகப் பணத்தை நீட்டினால் விவசாயி என்ன செய்வார்? பலருக்கு அந்தப் பணமும் கிடைப்பதில்லை. பாதி வாரத்துக்கும் மூன்றில் ஒரு வாரத்துக்கும் பிறர் நிலத்தில் மரம் வளர்ப்பவர்கள் அங்கே ஏராளம். நிலத்துக்காரர் ஒப்புக்கொண்டுவிட்டால் ஒரே நாளில் பொக்லைன் வந்து நிற்கும். வாரக்குடியானவன் வருடக்கணக்கில் நட்டு, காத்து, காய்க்க வைத்த மரம் விழும். கோக்கோவுக்கு நியாய விலை மறுத்த வாரியமும், மலிவாக வாங்கிப் பழகிவிட்ட ஐரோப்பிய, அமெரிக்க சாக்லேட் நிறுவனங்களும் இந்தக் குழிகளைத் தோண்டியவர்களில் சேர்த்தி.

கானாவில் பெரும்பாலான நிலம் ஊர்த் தலைவர்களின் பீடத்துக்கு உரியது. மூத்தோருக்கும் இனி பிறக்கப் போகும் பிள்ளைகளுக்கும் பொதுவான சொத்தை நடப்பில் காத்துவைப்பவர்தான் தலைவர் என்பது அவர்களுடைய மரபு. பணம் வாங்கிக்கொண்டு ஆற்றங்கரையைக் காட்டிக்கொடுத்த தலைவர்கள், இன்றைய சட்டத்தை மட்டுமல்ல, தாங்கள் உட்கார்ந்திருக்கும் பீடத்துக்கே துரோகம் செய்தவர்கள். எதிர்த்து நின்ற தலைவர்களும் உண்டு என்பதால் இந்தக் குற்றம் இன்னும் கடுமையாகிறது. மறுப்பது சாத்தியம் என்று அவர்கள் காட்டிவிட்டார்களே.

அதைவிடப் பெரிய குற்றம் ஆட்சியாளர்களுடையது. 2017இல் அப்போதைய குடியரசுத் தலைவர் நானா அகுஃபோ-அட்டோ, கலாம்சேயை ஒழிக்கத் தன் பதவியையே பணயம் வைப்பதாகச் சொன்னார். படை போனது, பொக்லைன்களைப் பறிமுதல் செய்தது. 2020இல் பார்த்தால் பறிமுதல் செய்த நூற்றுக்கணக்கான பொக்லைன்களையே காணவில்லை. சட்டவிரோதச் சுரங்கத்தைத் தடுப்பதற்கான அமைச்சர்கள் குழுவுக்குத் தலைமை வகித்த, இதய அறுவை மருத்துவரான க்வாபெனா ஃப்ரிம்போங்-போவாடெங் எழுதிய அறிக்கை 2023இல் வெளியே கசிந்தது. ஆளும் கட்சிக்காரர்களும் அதிகார மாளிகையில் இருப்பவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள் என்று அது குற்றம்சாட்டியது. சொன்னவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். அந்த அரசிலேயே அமைச்சராக இருந்தவர். இடையில் 2022இல், காப்புக்காடுகளுக்குள்ளும் சுரங்கத்துக்கு வழி திறக்கும் விதிமுறை ஒன்றை அதே அரசு கொண்டுவந்தது. 2024 செப்டம்பரில் இதையெல்லாம் எதிர்த்து அக்ராவின் தெருவில் நின்ற இளைஞர்கள் பல பேரைப் பிடித்துக் காவலில் அடைத்தார்கள். ஆற்றைக் கெடுத்தவன் வெளியே, ஆற்றுக்காகக் குரல் கொடுத்தவன் உள்ளே. இதற்கு மன்னிப்பில்லை. அடுத்த மாதமே கத்தோலிக்கத் திருச்சபையினர் அக்ராவில் செபித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் அறிவித்தன. டிசம்பர் தேர்தலில் மக்கள் அந்தக் கட்சியை இறக்கினார்கள்.

2025 ஜனவரியில் பதவியேற்ற ஜான் மகாமா அரசையும் பாராட்டிவிட்டு நகர முடியவில்லை. ஆறுகளைக் காக்கத் தனிக் காவலர்களை நியமித்தார்கள். காப்புக்காட்டு விதிமுறையை விலக்கினார்கள். 2025 ஆகஸ்ட் 6 அன்று, முறையான சுரங்கத் தொழில் பற்றிய நிகழ்ச்சிக்காக ஒபுவாசிக்குப் போன ஹெலிகாப்டர் விழுந்து, பாதுகாப்பு அமைச்சர், சுற்றுச்சூழல் அமைச்சர் உட்பட எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களுடைய உழைப்பைக் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் அதே ஆண்டில் தொடங்கிய தங்க வாரியம், சிறு சுரங்கங்களின் தங்கம் முழுவதையும் வாங்கி ஏற்றுமதி செய்யும் ஒரே அமைப்பாயிற்று. அந்தத் தங்கத்தின் பலத்தில் நாட்டின் நாணயமான சேடி நிமிர்ந்தது. உலகிலேயே அந்த ஆண்டு நன்றாக உயர்ந்த நாணயங்களில் ஒன்றானது. தங்கம் உரிமமுள்ள குழியிலிருந்து வந்ததா, ப்ராவின் படுகையிலிருந்து வந்ததா என்று பிரித்தறிய முழுமையான ஏற்பாடு அமைவதற்கு முன்பே கொள்முதல் தொடங்கிவிட்டது. ஒரு கையால் காவலரை அனுப்பி மறுகையால் எடை போட்டு வாங்கும் அரசு, ஆற்றைக் காப்பதாகச் சொல்லக்கூடாது. அவசரநிலை அறிவிக்கச் சொல்லிக் கேட்டவர்களிடம் அது கடைசி ஆயுதம் என்றார் மகாமா. குழாயில் தண்ணீர் வராத ஊர்களுக்கு இதைவிடக் கடைசி எது என்று அவர் சொல்லவில்லை.

சீனர்களைப் பற்றி ஒரு வார்த்தை. குவாங்சி தன்னாட்சிப் பகுதியின் ஷாங்லினிலிருந்து ஆயிரக்கணக்கானோர் முதலும் இயந்திரமும் நுட்பமும் கொண்டு வந்து கலாம்சேயின் வேகத்தை மாற்றியது உண்மை. 2013இல் 4,500க்கும் மேற்பட்ட சீனர்களைக் கானா நாடுகடத்தியது. அயல்நாட்டுக்காரர் இதில் ஈடுபட்டால் 20 முதல் 25 ஆண்டு வரை சிறை என்று 2019இல் சட்டமும் வந்தது. குற்றம் செய்தவர்களுக்குத் தண்டனை வேண்டும்தான். ஆனால் சீனரைத் திட்டுவது கானாவின் அரசியல்வாதிகளுக்கு மிகச் சுலபமான வேலையாகிவிட்டது. நிலத்தைக் காட்டியவரும், உரிமத்தைத் தன் பெயரில் எடுத்துக் கைமாற்றியவரும், சோதனைச் சாவடியில் பணம் வாங்கிக்கொண்டு வழிவிட்டவரும் சீனர்கள் அல்லர்.

இனி, வாங்குகிறவர்கள். 2025இல் வெளியான ஸ்விஸ்எய்ட் அமைப்பின் ஆய்வு, கானா தன் கணக்கில் ஏற்றுமதி என்று காட்டிய தங்கத்துக்கும் பிற நாடுகள் கானாவிலிருந்து வந்ததாகக் காட்டிய தங்கத்துக்கும் இடையில் ஐந்தாண்டுகளில் 229 டன் வேறுபாடு இருப்பதைக் கண்டது. மதிப்பு 1,140 கோடி டாலர். பெரும்பகுதி சிறு சுரங்கத் தங்கம். பெரும்பகுதி போய்ச் சேர்ந்த இடம் துபாய். அந்த ஐந்தாண்டின் கடைசி ஆண்டில்தான், 2023 மே மாதம், கானா பன்னாட்டு நாணய நிதியத்திடம் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்பந்தம் போட்டது. தன் மண்ணிலிருந்து கணக்கில்லாமல் போன தங்கத்தின் மதிப்பில் ஏறத்தாழக் கால் பங்கு அது. ஒரு நாடு இப்படி இழந்ததையே பிறகு கடனாகக் கேட்டு நிற்கிறது. எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்கி உருக்கிக் கட்டியாக்கும் துபாய்ச் சந்தை திருட்டுப் பொருளைத் தெரிந்தே வாங்குகிறது. அதற்குரிய பெயரால்தான் அதை அழைக்க வேண்டும்.

துபாயிலிருந்து அது எங்கே போகிறது? இந்தியா தங்கம் வாங்கும் நாடுகளில் சுவிட்சர்லாந்துக்கு அடுத்த இடத்தில் ஐக்கிய அரபு அமீரகம் இருக்கிறது. 2022இல் செய்துகொண்ட வணிக ஒப்பந்தப்படி அங்கிருந்து குறிப்பிட்ட அளவு தங்கத்துக்கு நாம் சுங்கவரிச் சலுகையும் தருகிறோம். கானாவிலிருந்து நேரடியாக வாங்குவதிலும் மதிப்பில் முதலிடம் தங்கத்துக்கே. ஆண்டுக்கு 700, 800 டன் இறக்குமதி செய்யும் நாடு இது. அதில் தென்னிந்தியாவின் பங்கு, குறிப்பாகத் தமிழ்நாட்டின் பங்கு, யாரும் மறுக்க முடியாதது. அட்சய திருதியை அன்று விடியுமுன் கடை திறந்து வைக்கிறோம். ஒரு சவரன் வாங்கும் குடும்பம் செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று மணிக்கணக்கில் பேரம் பேசுகிறது. எந்த ஆற்றிலிருந்து வந்த தங்கம் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டாலும் கடைக்காரரிடம் பதில் இல்லை.

மகளுக்குத் தாலிக்கொடி செய்யக் காசு சேர்க்கும் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமல்ல. அவருக்குக் கேட்கும் உரிமை உண்டு என்பதை யாரும் சொல்லித்தரவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கடமையைச் சட்டம் யார்மீதும் சுமத்தவில்லை. குற்றம் அந்தச் சட்டத்தை எழுதாதவர்களுடையது; மூலம் தெரிந்துகொள்ள வசதியிருந்தும் தெரிந்துகொள்ளாத பெரும் இறக்குமதியாளர்களுடையது. இன்று விற்கும் நகையில் தர நிர்ணய முத்திரையும் ஆறு இலக்கக் குறியீடும் கட்டாயம். அவை தூய்மையைச் சொல்கின்றன, சோதித்த மையத்தைக் காட்டுகின்றன. வாங்குபவரை எடையிலும் மாற்றிலும் ஏமாற்றக்கூடாது என்பதில் அரசு காட்டிய அக்கறை நியாயமானது. தோண்டிய ஊர் ஏமாந்ததா என்பதில் அந்த அக்கறை துளியும் இல்லை. 2021 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம், தங்கத்தை இறக்குமதி செய்பவர் அதன் மூலத்தை விசாரித்தறிய வேண்டும் என்று சட்டமாக்கியிருக்கிறது. அதிலும் ஓட்டைகள் உண்டு. இந்தியாவில் நகை வாங்குபவருக்கு மூலத்தைச் சொல்ல வேண்டும் என்று எழுதவே இல்லை.

2025 ஜூலையில் இந்தியப் பிரதமர் கானா சென்றபோது, இரு நாட்டு வணிகத்தை ஐந்தாண்டுகளில் இரட்டிப்பாக்குவோம் என்று பேசினார்கள். அந்த வணிகத்தின் பெரும்பகுதி தங்கமாக இருக்கும்போது, இந்த இலக்கை இப்படியே விட்டால் ப்ராவில் இன்னும் எத்தனை மிதவைகள் இறங்கும் என்பதற்கு யார் பொறுப்பேற்பார்கள்? சுரங்கத்தின் பெயரும் உரிம எண்ணும் இல்லாத கானாத் தங்கம் இந்தியத் துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் இறங்கக்கூடாது. அமீரகத்துக்குத் தரும் வரிச் சலுகையும் அதே நிபந்தனையோடுதான் இருக்க வேண்டும். கோவையின் பட்டறைகளும் சென்னையின் பெருங்கடைகளும் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கட்டி தரும் வங்கியிடமும் சுத்திகரிப்பாளரிடமும் நாளைக்கே எழுத்தில் கேட்கலாம். நகையின் ஆறு இலக்கக் குறியீட்டைத் தட்டினால் தங்கம் எந்த நாட்டின் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்பதும் தெரியும்படி இந்தியத் தர நிர்ணய அமைவனம் தன் விதியைத் திருத்த வேண்டும். அடுத்த அட்சய திருதியைக்கு முன்பே அந்தத் திருத்தம் வர வேண்டும்.